கொரோனா வராத குழந்தைகள்

2020 ஏப்ரலில் எங்கள் குழந்தைகள் வார்டில் பாதிக்கும் மேற்பட்ட கட்டில்கள் காலியாகக் கிடந்தன. நெல்லைச் சீமையில் ஓர் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருக்கிறேன். கோடை தொடங்கும் அந்த மாதத்தில் வழக்கமாக ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள் படுத்திருப்பார்கள். வயிற்றுப்போக்கு, அம்மை, மண்ணெண்ணெய் குடித்தது, மரத்திலிருந்து விழுந்தது என்று ஓயாமல் வந்துகொண்டிருப்பார்கள். அந்த ஆண்டு வரவில்லை. "பள்ளிக்கூடம் இல்லை, கடைத் தின்பண்டம் இல்லை, பிள்ளைகளுக்கு நோயும் இல்லை" என்று பலரும் மகிழ்ச்சியாகப் பேசிக்கொண்டார்கள்.

அதில் ஓரளவு உண்மை உண்டு. பள்ளிகள் மூடினால் சளிக்காய்ச்சல் பரவுவது குறையும். ஆனால் குடல்வால் வீங்குவதும், கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்துவதும், ரத்தப் புற்றுநோய் தொடங்குவதும் ஊரடங்கைப் பார்த்து நிற்பதில்லை. மாதாமாதம் அப்படி வரக்கூடிய பிள்ளைகள் அந்த மாதமும் ஏதோ ஒரு வீட்டில் இருந்தார்கள். எங்கள் மூத்த சிஸ்டர் காலிக் கட்டில்களைப் பார்த்துச் சொன்னார்: "வந்த பிள்ளையைப் பார்த்துக்கொள்ளலாம். வராத பிள்ளையை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது."

மே மாதத்தில் அவர்கள் வரத் தொடங்கினார்கள்.

ஒன்பது வயதுப் பெண் குழந்தை ஒருத்தியைப் பற்றிச் சொல்கிறேன். அம்மா பீடி சுற்றுபவர். பீடிக் கடையில் இலையும் தூளும் கொடுப்பது நின்றுபோயிருந்ததால் வீட்டில் காசு இல்லை. மூன்று வாரமாகவே பிள்ளை சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்திருக்கிறாள். இரவில் நான்கைந்து முறை எழுந்திருக்கிறாள். படுக்கையை நனைக்கும் பழக்கம் எப்போதோ விட்டுப்போனவள், மறுபடி நனைத்திருக்கிறாள். பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. முற்றத்தில் அவள் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பாட்டி கவனித்துச் சொல்லியும் இருக்கிறார். வேறோர் ஆண்டாக இருந்தால் மறுநாளே பஸ் ஏறியிருப்பார்கள். பஸ் ஓடவில்லை. பக்கத்து ஊர் டாக்டர் கிளினிக்கைப் பூட்டியிருந்தார். மருந்துக் கடையில் பூச்சி மருந்தும் சத்து டானிக்கும் கொடுத்தார்கள். அந்த டானிக் முழுக்கச் சர்க்கரை.

பிறகு மூச்சு வாங்கத் தொடங்கியது. இன்சுலின் இல்லாத உடல் கொழுப்பை எரித்துப் பிழைக்கப் பார்க்கும். அதில் கீட்டோன் என்ற அமிலப் பொருள் சேர்ந்து ரத்தம் அமிலமாகும். அந்த அமிலத்தை ஈடுகட்ட, மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் ஓடும். நுரையீரலில் ஒரு கோளாறும் இருக்காது. ஆனால் 2020 மே மாதத்தில் மூச்சிரைக்கும் பிள்ளையைப் பார்த்தால் ஊருக்கு ஒரே ஒரு நோய்தான் நினைவுக்கு வந்தது. வெளியே தெரிந்தால் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டுவார்கள், தெருவைத் தகரம் வைத்து அடைப்பார்கள் என்று பயந்து, இரண்டு நாள் உள்ளறையிலேயே படுக்க வைத்திருந்தார்கள். அவள் கண் சொருகிய பிறகுதான் காய்கறி ஏற்றும் லோடு ஆட்டோ ஒன்றைப் பிடித்து, வழியில் சோதனைச் சாவடிகளில் கெஞ்சிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள்.

மருத்துவமனை வாசலிலும் மூச்சைத்தான் முதலில் பார்த்தோம். காய்ச்சல் பிரிவுக்கு அனுப்பினோம், சளி மாதிரி எடுக்கப்பட்டது, முடிவு மறுநாள்தான் வரும். அங்கே பணியில் இருந்த இளம் டாக்டர் குனிந்து அவள் பேச்சைக் கேட்டபோது, முகக்கவசத்தையும் மீறி அழுகிய பழ வாடை அடித்திருக்கிறது. விரல் நுனியில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தார். மீட்டரில் எண் வரவில்லை, அளவுக்கு மேல் என்று மட்டும் காட்டியது. கணையம் இன்சுலின் சுரப்பதை நிறுத்திவிடும் முதல் வகை நீரிழிவு. அந்த டாக்டரை நினைக்கும்போதெல்லாம் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இந்த நிலையில் இருக்கும் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவசரத்தையும் பொறுமையையும் ஒன்றாகக் கேட்கும் வேலை. இழந்த நீரை மடமடவென்று ஏற்றிவிடக் கூடாது, ஏறத்தாழ இரண்டு நாளில் பரவலாக ஏற்ற வேண்டும். இன்சுலின் எடைக்குத் தக்க அளவில், மணிக்கணக்கில் சொட்டாக இறங்க வேண்டும். மணிக்கு ஒருமுறை சர்க்கரை பார்க்க வேண்டும். பொட்டாசியம் சட்டென்று இறங்கினால் இதயத்துக்கு ஆபத்து. எல்லாவற்றுக்கும் மேலாக மூளை வீக்கம். "தலை வலிக்கிறதா கண்ணு, உன் பேர் என்ன, இது எத்தனை விரல்" என்று மணிக்கு ஒருமுறை எழுப்பிக் கேட்க வேண்டும். இத்தனையையும் கவச உடைக்குள், கண்ணாடியில் ஆவி படிய, இரட்டைக் கையுறையோடு செய்தோம். நீர் வற்றிய பிள்ளைக்கு நரம்பு கிடைப்பதே கடினம். விரல் தொட்டு உணர வேண்டிய நரம்பை இரண்டு அடுக்கு ரப்பர் வழியாகத் தேடினோம். முகமே தெரியாத வெள்ளை உருவங்களைப் பார்த்து அவள் அலறினாள். அவளுடைய அம்மாவைத் தவிர வேறு யாரையும் உள்ளே விடவில்லை. அப்பா கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் கிடந்தார்.

அவள் பிழைத்துக்கொண்டாள். கொரோனா இல்லை என்று முடிவும் வந்தது. பிழைக்காத பிள்ளைகளைப் பற்றி இங்கே எழுத மாட்டேன். அவர்களைப் பெற்றவர்கள் கண்ணில் இது படக்கூடும்.

நம் வறுமையும் ரோடும்தான் காரணம் என்று அப்போது நினைத்திருந்தேன். பிறகு ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வைப் படித்தேன். 2020 மார்ச் 13 முதல் மே 13 வரை அங்கே புதிதாக முதல் வகை நீரிழிவு கண்டறியப்பட்ட 532 சிறார்களில், நூற்றுக்கு 45 பேர் அளவுக்கு இதே அமிலநிலையில் வந்திருக்கிறார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அது நூற்றுக்கு 24 பேர்தான். இத்தாலியில் மார்ச் மாதத்தின் ஒரே வாரத்தில், ஐந்து மருத்துவமனைகளில் காலம் தாழ்த்திக் கொண்டுவரப்பட்ட 12 குழந்தைகளைப் பற்றி அந்த நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். அவர்களில் நான்கு பேர் இறந்துவிட்டார்கள். காரும் காப்பீடும் குடும்ப மருத்துவரும் உள்ள நாடுகளிலும் பெற்றோரைப் பயம் வீட்டிலேயே நிறுத்தியிருக்கிறது.

பயத்தை மட்டும் குறை சொல்வதும் நியாயமில்லை. வந்து சேர்ந்த பிள்ளைக்கு நாங்கள் என்ன வைத்திருந்தோம்? எங்கள் கட்டடம் கொரோனா சிகிச்சைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. குழந்தைகள் வார்டைப் பழைய கட்டடம் ஒன்றுக்கு மாற்றினார்கள். செவிலியர்கள் முறைவைத்துக் கொரோனா பணிக்குப் போனோம், முடிந்ததும் தனிமை. எந்த நாளில் பார்த்தாலும் எங்களில் ஒரு பகுதியினர் வார்டில் இல்லை. பச்சைக் குழந்தையின் நரம்பில் ஊசி ஏற்றத் தெரிந்த கை ஓரிரு வாரத்தில் உருவாவதில்லை. அந்தக் கைகள் பெரியவர்களின் ஆக்சிஜன் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்தன. அங்கேயும் உயிர் போய்க்கொண்டிருந்தது, நாங்கள் அந்தப் பணிக்குப் போனது தவறென்று சொல்லவில்லை. ஆனால் கணக்குப் போட்டவர்கள் குழந்தைகள் வார்டை 'காலியாக இருப்பது' என்ற பத்தியில் எழுதினார்கள். எனக்கு இன்றும் ஆறாத கோபம் அதுதான்.

பிறவியிலேயே உடலில் ரத்தம் சரியாக ஊறாத தலசீமியா பிள்ளைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். கல்லூரிகள் மூடியதால் ரத்ததான முகாம்கள் நின்றன. எடுத்த சிவப்பணுக்களை 35 நாளோ 42 நாளோதான் வைத்திருக்க முடியும் என்பதால், சேமிப்பு சீக்கிரமே வற்றியது. உதடு வெளுத்து, மாடிப்படி ஏற முடியாமல் வந்த பிள்ளைகளுக்காக, பணியில் இருந்த காவலர்களும் எங்கள் துப்புரவுப் பணியாளர்களும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள்.

தடுப்பூசியின் விளைவு மெதுவாகத் தெரிந்தது. இங்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதன்கிழமை என்றாலே தடுப்பூசிதான். சில புதன்கிழமைகள் தவறின. உலக அளவில் 2020-ல் வழக்கமான தடுப்பூசிகளைத் தவறவிட்ட குழந்தைகள் 2 கோடியே 30 லட்சம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் கணக்கிட்டன. 2022-ன் கடைசி மாதங்களில் மும்பையின் நெருக்கமான குடிசைப் பகுதிகளில் தட்டம்மை கிளம்பிக் குழந்தைகள் இறந்த செய்தி வந்தபோது, எனக்கு அந்தப் புதன்கிழமைகள்தான் மனதில் ஓடின.

எங்களால் ஒன்று செய்ய முடிந்தது. மூத்த சிஸ்டர் பழைய பதிவேட்டை எடுத்து, மாதாமாதம் இன்சுலின் வாங்க வரும் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்தார். பல எண்கள் உயிரோடு இல்லை. கிடைத்தவர்களுக்குக் கிராம சுகாதாரச் செவிலியர்கள் மூலம், தடுப்பூசி எடுத்துச் செல்லும் குளிர்பெட்டியிலேயே இன்சுலின் போனது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் மருந்தைப் பாதுகாக்கப் போனிலேயே சொல்லிக்கொடுத்தோம். அரசாணை எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை, ஒரு பதிவேடும் ஒரு போனும் போதுமானதாக இருந்தன.

இப்போது ஆண்டுதோறும் பேரிடர் ஒத்திகை நடத்துகிறார்கள். ஆக்சிஜன், கட்டில், கவச உடை எல்லாம் எண்ணப்படுகின்றன. சென்ற முறை கூட்டத்தில் எழுந்து இரண்டு கோரிக்கைகள் வைத்தேன். எத்தனை கட்டில் காலியாக இருந்தாலும், குழந்தைகள் வார்டில் பழகிய செவிலியர்களில் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையை எந்தப் பணிக்கும் மாற்றக் கூடாது. இன்சுலின், ரத்தம், வலிப்பு மாத்திரை, புற்றுநோய் மருந்து ஆகியவற்றை நம்பி வாழும் பிள்ளைகளின் போன் எண்களை ஆறு மாதத்துக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும். இரண்டாவதை ஏற்றுக்கொண்டார்கள். சரிபார்க்கும் வேலை என்னிடம் இருக்கிறது. முதல் கோரிக்கைக்கு இன்னும் பதில் வரவில்லை, அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.