இந்திரா நகர் சுவரில் இருப்பவர்கள்

"பாட்டி, அந்தத் தாத்தா யாரு? மந்திரியா?"

பழைய மகாபலிபுரம் சாலை சிக்னலில், பக்கத்து ஆட்டோவில் இருந்த சிறுமி கேட்டாள். கை நீட்டியது இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையச் சுவரை.

"நம்மள மாதிரி யாரோதான் கண்ணு" என்றார் பாட்டி.

நானும் நிமிர்ந்து பார்த்தேன். மாடி உயரத்துக்கு ஒரு முகம். கண்ணோரச் சுருக்கம் ஒவ்வொன்றும் என் கை நீளம் இருக்கும். அதைக்கூட விடாமல் வரைந்திருக்கிறார்கள். நம்ம ஊரில் இவ்வளவு பெரிய முகம் என்றால் கட்அவுட்தான். அதில் சுருக்கமே இருக்காது.

2021இல் ஏ-கில், கத்ரா என்ற இரண்டு ஓவியர்கள் வரைந்தது இது. சுவரில் இதுபோல இன்னும் பல முகங்கள். அவர்களில் எச்ஐவியோடு வாழ்பவர்களும் உண்டு, இல்லாதவர்களும் உண்டு.

யார் யார் என்று சொல்லவில்லை. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

அதுதான் என்னை அசைத்துவிட்டது. இந்தத் தொற்று இருப்பவருக்கு டம்ளரைத் தனியாக எடுத்துவைத்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது என்று எத்தனை வருடமாகச் சொல்கிறார்கள்! துண்டறிக்கைக்கு இளகாத மனசு, சிரிக்கிற ஒரு முகத்துக்கு இளகும் என்று நம்புகிறேன்.

மந்தைவெளி, திருமயிலை நிலையங்களிலும் எவ்வளவு சுவர் இருக்கிறது! அங்கேயும் வரையட்டும். பூக்கார அக்கா, தூய்மைப் பணியாளர்கள், வாசலில் நிற்கும் ஆட்டோ அண்ணன்கள், எல்லாரையும். சுருக்கத்தை மட்டும் அழிக்க வேண்டாம்.