கடிதம் வரும்வரை: ஜூன் குறிப்புகள்

ஜூன் 3, செவ்வாய்

'நைட் ஆஃப் தி லிவிங் டெட்', பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்கிற பழைய அமெரிக்கத் திகில் படம். அதை மண்டபத்தில் காட்ட புத்ராஜெயாவிலிருந்து தணிக்கை அனுமதிக் கடிதம் இன்னும் வரவில்லை.

ஜூன் 4, புதன்

"காப்புரிமைதான் யாருகிட்டயும் இல்லையே அண்ணே, அப்புறம் எதுக்கு அனுமதி?" குழுவில் மறுபடியும் இதே கேள்வி. இரண்டும் வேறு வேறு. 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' பொதுச்சொத்து ஆனதற்குக் காரணம், கடைசி நேரத்தில் படத்தின் பெயரை மாற்றியபோது விநியோகஸ்தர் புதிய டைட்டிலில் காப்புரிமை வரியைச் சேர்க்காமல் விட்டது. அது பணம் கட்டுகிற விஷயம். இங்கே கேட்பது மலேசியாவின் 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டம், பிரிவு 6: தணிக்கைக்குப் போகாத படத்தைக் காட்டினால் 5,000 முதல் 30,000 வெள்ளி (ரிங்கிட்) அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. 2013இல் கோலாலம்பூர் சீனர் அசெம்பிளி மண்டபத்தில் இலங்கைப் போர் ஆவணப்படத்தைக் காட்டிய வழக்கு 2017இல்தான் 10,000 வெள்ளி அபராதத்தோடு முடிந்தது. கடிதம் வராமல் புரொஜெக்டரைத் தொடக்கூடாது.

ஜூன் 6, வெள்ளி

தமிழ் வசன வரிகள் தொடக்கத்தில் மட்டும் சரியாக வருகின்றன, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக முந்திக்கொள்கின்றன. வரிகளுக்கு நேரம் குறித்தது ஐரோப்பிய டிவிடி காப்பியை வைத்து. அது விநாடிக்கு 25 பிரேம். நம்மிடம் இருப்பது 23.976. 96 நிமிடப் படம் அதில் 92 நிமிடத்தில் ஓடிவிடும். கடைசியில் வரி நான்கு நிமிடம் முன்னால் நிற்கும், சாவுக்கு முன்பே சாவுச் செய்தி வந்துவிடும். ஒரே நொடிக் கணக்கில் எல்லா வரியையும் தள்ளினால் ஆரம்பம் கெடும். ஒவ்வொரு நேரக் குறியையும் 1.0427ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அலறலுக்கு முன்வரும் வரிகள் கால் நொடி முன்னதாகவே மறையும்படி கையாலேயே மாற்றியாயிற்று. கண் எழுத்தில் இருந்தால் உடம்பு அதிராது.

ஜூன் 7, சனி

ரோஜர் ஈபர்ட் 1969 ஜனவரியில் எழுதியதை மறுபடி படித்தேன். பிற்பகல் காட்சி, அரங்கம் முழுக்கச் சின்னப் பிள்ளைகள். அமெரிக்காவில் வயதுத் தரச்சான்று 1968 நவம்பரில்தான் வந்தது. படம் அக்டோபர் 1ஆம் தேதியே பிட்ஸ்பர்கில் வெளியாகிவிட்டது. வாசலில் யாரையும் நிறுத்த விதி இல்லை. முதல் பாதியில் பிள்ளைகள் குதூகலமாகக் கத்துகிறார்கள். பிறகு கத்தல் நின்றுபோகிறது. ஒன்பது வயதிருக்கும் ஒரு சிறுமி அசையாமல் உட்கார்ந்து அழுகிறாள்.

கத்தல் எங்கே நின்றது என்பதுதான் முக்கியம். கத்துகிறவரை அது விளையாட்டு. காப்பாற்றப்படுவார் என்று நம்பியிருந்த ஆளைப் படம் கைவிட்டதும் அரங்கம் அடங்கிவிடுகிறது.

ஜூன் 9, திங்கள்

படத்தில் பெற்ற மகளே கொல்ல வரும்போது அந்த அம்மா கை ஓங்கவே இல்லை.

ஜூன் 10, செவ்வாய்

வாந்திப் பை கொடுத்து விற்ற படங்களைப் பற்றி நாலு பேர் கேட்டுவிட்டார்கள். 1970இன் 'மார்க் ஆஃப் தி டெவில்' அமெரிக்காவுக்கு வந்தபோது டிக்கெட்டோடு பை தந்தார்கள். அது விளம்பரம், எதிர்வினை இல்லை. 1980இன் 'கனிபல் ஹோலோகாஸ்ட்' கதை வேறு: இத்தாலியில் படத்தைப் பறிமுதல் செய்தார்கள், நடிகர்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்று இயக்குநர் தெயோதாத்தோ நிரூபிக்க வேண்டிவந்தது. கம்பத்தில் குத்தப்பட்ட பெண் உண்மையில் கம்பியில் பொருத்திய சைக்கிள் சீட்டில் உட்கார்ந்து, இலேசான மரக்குச்சியை வாயில் கவ்வியிருந்தாள். ஆனால் அதில் விலங்குகளைக் கொன்றது நிஜம். அதைப் பார்த்துக் கோபப்பட்டு எழுந்து போகிறவர் செய்வது சரி. அந்தப் படத்தை நாம் திரையிடப் போவதில்லை.

ஜூன் 11, புதன்

கடிதம் வந்துவிட்டது! சனிக்கிழமையே போடுகிறோம்.

ஜூன் 13, வெள்ளி

மயக்கம் பற்றி வாசலில் நிற்பவர்களுக்குச் சொன்னது: மற்ற பயங்களில் இரத்த அழுத்தம் ஏறும், ஆள் விழமாட்டார். இரத்தத்தைக் கண்டு பயப்படுகிறவருக்கு மட்டும் ஏறிய அழுத்தம் திடீரென்று இறங்கி, இதயத் துடிப்பும் குறையும். 'மூச்சை இழுத்து விடு, தளர்வாக இரு' என்றால் இன்னும் மோசமாகும். கை, தொடை, வயிறு எல்லாவற்றையும் 10–15 விநாடி இறுக்கச் சொல்ல வேண்டும், முகம் சூடாகிற வரை. பிறகு 20–30 விநாடி விட்டுவிட்டு மறுபடியும். ஐந்து தடவை. விழுந்துவிட்டால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள்.

வயதானவர்களுக்கு வழியோர நாற்காலி. 18க்குக் கீழே யாரும் வேண்டாம், பெற்றோர் கூட வந்தாலும்.

வெளியேறுகிறவரைக் குறிக்கும்போது பையையும் பார்க்க வேண்டும். பையோடு போனால் போய்விட்டார். பையை வைத்துவிட்டுப் போனால் கழிவறை, அல்லது போன்.

ஜூன் 14, சனி, இரவு

பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் நிறைந்துவிட்டது. கல்லறைக் காட்சியில் பின்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள். பக்கத்தில் 'ஷ்ஷ்' என்றார்கள், நான் வேண்டாமென்று கை காட்டினேன். சிரிப்பு பயம் வெளியேறும் வழி, அதை அடைத்தால் ஆள் எழுந்து போய்விடுவார்.

லாரி எரிந்தபின் குடலைத் தின்கிற காட்சி. கசாப்புக் கடைக் குடலும் வாட்டிய பன்றி இறைச்சியும், இரத்தத்துக்கு சாக்லேட் சிரப்பும். கறுப்பு வெள்ளையில் எதுவும் தெரியாது. ஒரு தம்பதி பையோடு கிளம்பினார்கள். மற்றவர்கள் முகம் சுளித்ததோடு சரி.

நிலவறைதான் அவர்களை அடித்தது. செத்துப் பிணமாக எழுந்த சிறுமி கேரன் அப்பாவின் கையைத் தின்றுகொண்டிருக்கிறாள். அம்மா பின்வாங்கி விழுகிறாள். சிறுமி சுவரிலிருந்து கொத்தனார் கரண்டியை எடுத்துக்கொண்டு அசைந்து அசைந்து வருகிறாள். குத்து தெரிவதில்லை, சுவரில் தெறிப்பதுதான் தெரிகிறது, அலறல் எதிரொலித்து உலோகச் சத்தமாகிறது. மூன்றாவது வரிசையில் ஒரு பாட்டி சத்தமாகச் சொன்னார்: "பெத்த புள்ளைய எப்படிப்பா அடிப்பா?" ஒருவரும் சிரிக்கவில்லை.

பிறகு முடிவு. இரவு முழுக்கத் தாக்குப்பிடித்த பென், கறுப்பினத்தவர், காலையில் மீட்க வந்தவர்களின் துப்பாக்கிக்கே பலியாகிறார். அதே பின்வரிசைப் பையன்கள் குனிந்துவிட்டார்கள். ஒருவன் மட்டும், "மூஞ்சியக்கூட பாக்காம சுட்டுட்டான்லா." அவன் படத்தைப் பற்றி மட்டும் பேசவில்லை என்று அந்த மண்டபத்தில் எல்லாருக்கும் தெரியும். கொக்கியால் உடலை இழுக்கும் புகைப்படங்கள் ஓடி முடியும்வரை விளக்கைப் போடக்கூடாது என்று சொல்லியிருந்தது நல்லதாயிற்று.

ஜூன் 15, ஞாயிறு

கேரனின் அம்மா ஓடியிருக்கலாம். படிக்கட்டு பக்கத்திலேயே இருந்தது. ஓங்கவில்லை, ஓடவும் இல்லை.

ஜூன் 17, செவ்வாய்

கிள்ளானிலும் படத்தைப் போடக் கேட்கிறார்கள். அங்கே புரொஜெக்டரின் ஒளி 2,000 லூமன்தான், கறுப்பு சாம்பலாகத்தான் விழும், நிலவறையில் ஒன்றும் தெரியாது. சன்னல்களுக்கு இரட்டைக் கறுப்புத் துணி, திரையை இரண்டு மீட்டருக்குச் சுருக்கினால் பார்க்கலாம். சன்னல் எத்தனை என்று நாளைக்குப் போன் செய்து கேட்க வேண்டும்.