கார்த்திகை மாதத்து லீஃப்ஸ்

ரொறன்ரோவில் முதல் குளிர்காலத்தைக் கழிக்கிறவருக்கு வேலைத்தலத்தில் காலநிலைக்கு அடுத்தபடியாகக் காதில் விழுவது நகரின் ஐஸ் ஹொக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ் கதைதான். ஐப்பசியில் எல்லாரும் ‘இந்த முறை கிண்ணம் எங்களுக்கு’ என்பார்கள். கார்த்திகை நடுப்பகுதியில் அதே ஆட்கள் பயிற்றுநரைத் துரத்தச் சொல்வார்கள். லீக்கின் சம்பியனுக்குக் கிடைக்கும் ஸ்ரான்லி கிண்ணம் இந்த நகருக்குக் கடைசியாக வந்தது 1967இல். அந்த எண்ணைத் தெரிந்துவைத்தாலே பாதிப் பகிடிகள் விளங்கிவிடும்.

அந்தச் சலிப்பு நியாயமானதா, அவசரமானதா என்று பார்க்கப் புள்ளிப் பட்டியலை வாசிக்கத் தெரிய வேண்டும். வென்றால் 2 புள்ளி. 60 நிமிடத்துக்குள் தோற்றால் ஒன்றுமில்லை. சமநிலையாகி, மேலதிக நேரத்திலோ, வீரர்கள் ஒவ்வொருவராகக் கோல்காப்பாளரை எதிர்கொள்ளும் ஷூட்அவுட்டிலோ தோற்றால் 1 புள்ளி. பட்டியலில் 8-10-4 என்று இருந்தால் 8 வெற்றி, 10 தோல்வி, 4 மேலதிக நேரத் தோல்வி. கிரிக்கெட் பார்த்துப் பழகிய கண் அந்த நாலையும் சமநிலை என்று எடுத்துவிடும். உண்மையில் அந்த அணி 14 தடவை தோற்றிருக்கிறது. ‘10-10-4, பரவாயில்லை, பாதிக்குப் பாதி’ என்று யாராவது சொன்னாலும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

இந்த ஒற்றைப் புள்ளிதான் பின்தங்கிய அணியின் கழுத்தைப் பிடிக்கிறது. மேலதிக நேரத்துக்குப் போகிற ஆட்டத்தில் இரண்டு அணிக்குமாக 3 புள்ளி போகிறது. மேலே நிற்பவர்கள் தோற்றும் ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்வார்கள். கீழே நிற்பவர் வென்றும் இடைவெளி ஒன்றுதான் குறையும். 82 ஆட்டப் பருவத்தில், கிண்ணத்துக்கான இறுதிக்கட்டச் சுற்றான பிளேஓஃபுக்குள் நுழைய ஏறத்தாழ 95 புள்ளி வேண்டும். அந்த 8-10-4 அணிக்கு 22 ஆட்டத்தில் 20 புள்ளி. மீதி 60 ஆட்டத்தில் 75 எடுக்க வேண்டும். முழுப் பருவத்துக்கும் அந்த வேகத்தில் ஆடினால் 102 புள்ளிக்கு மேல் வரும். அது நல்ல பலமான அணியின் கணக்கு. ஐப்பசியில் விட்ட புள்ளியைப் பங்குனியில் பிடிக்கலாம் என்பது பேச்சுக்குச் சுகம், அவ்வளவுதான்.

ஓர் அணி தேறுமா என்று கணிக்க ஹொக்கிக்காரர் நாள் குறிப்பது அமெரிக்க நன்றி தெரிவித்தல் நாளுக்கு, அதாவது கார்த்திகை நாலாவது வியாழனுக்கு. ஐப்பசி இரண்டாவது திங்களில் வரும் கனடாவின் விடுமுறையோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அன்று பிளேஓஃப் இடத்தில் நிற்கும் அணிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று கடைசிவரை அங்கேயே நிற்கும். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. சென் லூயிஸ் புளூஸ் 2019 தை தொடக்கத்தில் முழு லீக்கிலும் கடைசி இடம். அதே ஆண்டு ஆனியில் கிண்ணத்தைத் தூக்கியது. நம்பிக்கையை விடாதவர்கள் ஒவ்வொரு வருடமும் இழுப்பது இந்த ஒரு உதாரணத்தைத்தான்.

ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்க முதலில் கோல்காப்பாளரைப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் கோலை நோக்கி 30 தடவை அடித்தால், நூற்றுக்கு 90 தடுப்பவர் 3 கோல் விடுவார். 87 தடுப்பவர் கிட்டத்தட்ட 4 விடுவார். ஒரு கோல் வித்தியாசத்தில் முடியும் ஆட்டங்கள் மலிந்த விளையாட்டில் அது போதும் அணியைச் சாய்க்க. அடுத்தது பவர் பிளே. கிரிக்கெட்டில் உள்ளது வேறு. இங்கே எதிரணி வீரர் சிறு தவறுக்காக 2 நிமிடம் தண்டனைப் பெட்டிக்குள் இருக்க, 5 பேர் 4 பேருக்கு எதிராக ஆடுவார்கள். கோல் விழுந்தால் அவர் திரும்பி வந்துவிடுவார். ஐந்து வாய்ப்பில் ஒன்றைக் கோலாக்கினால் சராசரி. பருவத் தொடக்கத்தில் ஆட்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பதால் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டை, கடத்தும் ஒழுங்கு பழகியிருக்காது. அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் என்றால் பெரும்பாலும் ஒன்றில் இரண்டாம் கோல்காப்பாளர் நிற்பார். அந்தத் தோல்வியை வைத்து முடிவு கட்டுவது அவசரம்.

பயிற்றுநரை மாற்றுவது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். 2019இல் தொடர்ந்து ஆறு ஆட்டம் தோற்ற பிறகு கார்த்திகை 20இல் லீஃப்ஸ் தங்கள் பயிற்றுநர் மைக் பப்கொக்கை அனுப்பினார்கள். சம்பள உச்சவரம்பு இருப்பதால் வீரர்களை நடுப் பருவத்தில் மாற்றுவது கடினம். ஒருவரை அனுப்புவது சுலபம்.

ரசிகர் சோர்ந்த காலம் புதிதாக வந்தவருக்கு வாசி. வார நாளில், பேர்பெறாத அணியோடு ஆட்டம் என்றால் மறுவிற்பனை ரிக்கற் விலை அன்று பின்னேரம் இறங்கும். லேக்‌ஷோர் கிழக்கு கோ ரயிலில் ஸ்காபரோவிலிருந்து யூனியன் நிலையம் வந்தால் ஸ்கோஷியாபாங்க் அரங்குக்கு வெளியே குளிரில் இறங்காமலே போகலாம். மொன்றியல் அணி ஆட வரும் சனிக்கிழமைக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம்; எத்தனை தோல்விக்குப் பிறகும் அந்த விலை பெரிதாக இறங்காது.