வேலிக்கு அப்பால் கிடந்த மான்

டெக்சாஸில் வேட்டை உரிமம் வாங்குவதைவிட வேட்டையாட ஓர் இடம் கிடைப்பதே கடினம் என்பதை, அந்த வேலையில் இறங்கிய பிறகுதான் நான் உணர்ந்தேன். அந்த மாநில நிலத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு தனியாருக்குச் சொந்தமானது. ஆகவே அங்கு மான் வேட்டைக்குப் போவது என்றால், பெரும்பாலும் யாரோ ஒருவருடைய வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேட்பது என்றுதான் பொருள். பயிற்சி, அனுமதி, முதல் வேட்டை என்று ஓர் ஆண்டில் நான் கடந்து வந்ததை, இதே வழியில் இறங்க நினைப்பவர்களுக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

இந்தியாவில் வளர்ந்தவன் என்பதால், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததிலிருந்து அங்கு வேட்டை குற்றம் என்ற எண்ணத்தோடுதான் வளர்ந்தேன். டெக்சாஸில் அது கடுமையான விதிகளுக்கு உட்பட்ட, சட்டப்படியான செயல். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பின்னரோ பிறந்த எவரும் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியில் தேற வேண்டும். வேட்டையின்போது அதற்கான சான்றையும் உடன் வைத்திருக்க வேண்டும். 17 வயது நிறைந்தவர்கள் இணையவழியிலேயே பயிற்சியை முடித்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான் சான்றிதழ் பெற்றேன். ஆனாலும் துப்பாக்கியைக் கையில் பிடித்தே பழகாத ஒருவன் திரையில் படித்துத் தேறியது மனத்துக்கு நிறைவளிக்காததால், தன்னார்வலர்கள் நடத்திய ஒரு நாள் களப்பயிற்சிக்கும் பெயர் கொடுத்தேன். முழு ஆண்டிலும் நான் எடுத்த நல்ல முடிவு அதுதான்.

துப்பாக்கி எதுவாயினும் தோட்டா இருப்பதாகவே கருத வேண்டும், குழல்முனை எப்போதும் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க வேண்டும், சுடும் கணம் வரை விசையில் விரல் படக் கூடாது, இலக்கையும் இலக்குக்குப் பின்னால் இருப்பதையும் உறுதியாக அறியாமல் சுடக் கூடாது என்னும் விதிகளை எந்தக் கையேட்டிலும் படித்துவிடலாம். களத்தில் அவை வேறு விதமாக உறைத்தன. மூன்று பேர் ஒரே வரிசையில் நடக்கும்போது ஒவ்வொருவருக்கும் முன்பக்கத்தில் ஏறத்தாழ 45 பாகை அளவிலான ஒரு பரப்பு மட்டுமே சுடுவதற்கு உரியது. நடுவில் நடந்த நான், பறவை வடிவப் பலகை ஒன்று எழும்பியதும், அதைத் தொடர்ந்து துப்பாக்கியைத் திருப்பிக்கொண்டே போய், வலப்பக்கம் நின்றவரின் எல்லைக்குள் குழலை நீட்டிவிட்டேன். வெற்றுத் துப்பாக்கிதான். பயிற்றுநர் குரலை உயர்த்தவில்லை. அப்படியே அசையாமல் நிற்கச் சொல்லி, என் குழல்முனை யாருடைய முழங்கையை நோக்குகிறது என்று என்னையே பார்க்கச் செய்தார். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணில் நிற்கிறது.

வேலியைக் கடக்கும் முறையையும் அன்றுதான் கற்றேன். தனியாகச் செல்பவர் தோட்டாக்களை எடுத்துவிட்டு, துப்பாக்கியின் இயக்கப் பகுதியைத் திறந்து வைத்து, குழல்முனை தம்மை நோக்காதவாறு வேலிக்கடியில் தள்ளி, மறுபக்கத் தரையில் கிடத்த வேண்டும். பின்னர் குழல்முனை இருக்கும் பக்கமாக அல்லாமல், அடிக்கட்டைப் பக்கமாகச் சற்றுத் தள்ளிப் போய் வேலியைக் கடக்க வேண்டும். தோட்டா எவ்வளவு தூரம் செல்லும் என்று பயிற்றுநர் எங்களைக் கேட்டபோது, பெரும்பாலோர் சில நூறு கஜம் என்றே சொன்னோம். 22 காலிபர் என்னும் சிறிய தோட்டாவே ஒரு மைலுக்கு மேல் செல்லக்கூடியது என்றும், மான் வேட்டைக்கான ரைஃபிளின் தோட்டா மூன்று மைல் தொலைவைக்கூட எட்டலாம் என்றும் அவர் சொன்னதும் அறை அமைதியானது.

இடம் தேடும் படலம் கோடையில் தொடங்கியது. வேட்டைப் பருவம் தொடங்கிய பிறகு போய்க் கேட்பது நில உரிமையாளரை நெருக்குவதற்கு ஒப்பாகும் என்று அனுபவமுள்ள ஒருவர் அறிவுறுத்தியிருந்தார். ஹில் கன்ட்ரி என்று அழைக்கப்படும், சுண்ணாம்புப் பாறைகளும் ஓக் மரங்களும் நிறைந்த பகுதியில், பகல் வேளையில், சாதாரண உடையில், துப்பாக்கியோ வேட்டைக் கருவிகளோ இல்லாமல் சென்றேன். முதல் வீட்டில் மறுத்தார்கள். இரண்டாம் வீட்டில் காரணமும் சொல்லி மறுத்தார்கள். முன்பு அனுமதி பெற்றுவந்த ஒருவர் மாட்டுப் பட்டியின் வாயிலைத் திறந்தபடியே விட்டுச் சென்றதால், நெடுஞ்சாலை வரை போன மாடுகளை நாள் முழுவதும் தேடியிருக்கிறார்கள். நான் செய்யாத தவறுக்காக எனக்கு இடம் மறுக்கப்பட்டது என்று அப்போது வருந்தினேன். பிறகு யோசித்தபோது, அந்தக் குடும்பம் வேறு எப்படி முடிவெடுத்திருக்க முடியும் என்று எனக்கே தோன்றியது.

நான்காவதாகப் பார்த்த முதிய பெண்மணி என்னை உள்ளே அழைக்கவில்லை. வாசல் திண்ணையில் நின்றபடியே நிறையக் கேள்விகள் கேட்டார். எத்தனை பேர் வருவீர்கள், எந்தெந்த நாள்கள், எங்கே வண்டியை நிறுத்துவீர்கள், மது அருந்துவீர்களா என்பனவெல்லாம் அவற்றில் அடங்கும். நான் மட்டுமே வருவேன் என்றும், ஒவ்வொரு முறையும் முதல் நாளே தெரிவிப்பேன் என்றும், மறுக்க விரும்பினால் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்றும் கூறினேன். ஒரு வாரம் கழித்து அவரே தொலைபேசியில் அழைத்து வரச் சொன்னார். அனுமதியை ஒரு தாளில் எழுதித் தருமாறு நான்தான் கேட்டேன். தேதிகள், வண்டி எண், நான் உட்காரக்கூடிய இரண்டு இடங்கள், திறந்திருந்த வாயில் திறந்தும் மூடியிருந்த வாயில் மூடியும் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஆகியவை அதில் இடம்பெற்றன. இருவரிடமும் ஒவ்வொரு படி இருந்தது.

பின்னர் அவருடன் எல்லையைச் சுற்றி நடந்தேன். மேற்கெல்லையில் வேலிக்கம்பங்களின் மேல் ஊதா வண்ணக் கோடுகள் இருந்தன. அழகுக்காகத் தீட்டியவை போலத் தோன்றும் அக்கோடுகள், அத்துமீறி நுழையாதீர் என்னும் பலகைக்குச் சமமானவை. டெக்சாஸில் 1997 முதல் அவற்றுக்குச் சட்டத் தகுதி உண்டு. கோடு செங்குத்தாக, குறைந்தது 8 அங்குல நீளமும் ஓர் அங்குல அகலமும் கொண்டதாக, தரையிலிருந்து 3 முதல் 5 அடி உயரத்துக்குள் அதன் அடிப்பகுதி அமைவதாக இருக்க வேண்டும். காட்டு நிலத்தில் கோடுகளுக்கிடையே 100 அடிக்கு மேலும், பிற நிலங்களில் 1,000 அடிக்கு மேலும் இடைவெளி இருக்கலாகாது. அந்தப் பக்கம் வேறொருவருடைய நிலம் என்று அவர் சொன்னார். அவர் யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நவம்பரில் முதல் நாள் காலை, நல்ல கொம்புகளுடைய ஓர் ஆண்மான் மேட்டின் உச்சியில், வானத்தைப் பின்னணியாகக் கொண்டு நின்றது. மேட்டுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. தோட்டாவைத் தாங்கிக்கொள்ள மண் எதுவும் அங்கு இல்லை. காப்பு விசையின் மேல் கட்டைவிரலை வைத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன். மான் இறங்கிப் போய்விட்டது. அன்று வெறுங்கையுடன் திரும்பினேன். அதில் எனக்கு எந்தக் குறையும் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு மாலையில், ஏறத்தாழ 90 கஜத் தொலைவில், பின்னால் சரிவான மண்மேடு இருக்க, ஒரு பெண்மான் வந்து நின்றது. சட்டம் அனுமதிக்கும் நேரம் சூரியன் மறைந்து அரைமணி நேரம் வரைதான் என்பதால், இன்னும் சிறிது நேரமே இருந்தது. அந்த அவசரம் என் கையில் வெளிப்பட்டது. முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னால், நெஞ்சுக்கூட்டின் நடுவில் பட வேண்டிய குண்டு அதைவிடப் பின்னால் பட்டது. மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. நுரையீரலில் பட்டிருந்தால் இரத்தம் நுரையோடு இளஞ்சிவப்பாக இருக்கும். நான் கண்டது கருஞ்சிவப்பாக இருந்ததால் ஈரலில் பட்டிருக்கக்கூடும் என்று புரிந்தது. உடனே துரத்தினால் மான் மேலும் ஓடும் என்று படித்திருந்தேன். காத்திருந்துவிட்டு, தடத்தைத் தொடர்ந்து மெதுவாக நடந்தபோது, ஊதாக் கோடிட்ட வேலியின் மேல்கம்பியில் முடியும் இரத்தமும் ஒட்டியிருந்தன.

வேலிக்கு அப்பால் முப்பது அடி தள்ளி மான் கிடந்தது. அதன் தலை இன்னும் நிமிர்ந்திருந்தது.

காயம்பட்ட விலங்கைப் பின்தொடர்ந்து போவதற்கும் அந்த நிலத்தின் உரிமையாளர் சம்மதிக்க வேண்டும் என்று டெக்சாஸ் சட்டம் சொல்கிறது. நின்ற இடத்திலிருந்தே இன்னொரு குண்டால் அதன் வேதனையை முடிக்கவும் வழியில்லை. வேட்டையில் சுடும் தோட்டா சம்மதமின்றி எல்லையைக் கடப்பதும் குற்றமே. இரண்டையும் தேர்வில் சரியாக எழுதியவன் நான். என் தவறால் துன்புறும் ஓர் உயிர் கண்ணெதிரே கிடக்க, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தச் சில நிமிடங்களைப் போல எந்தப் பயிற்சியும் என்னைச் சோதித்ததில்லை. யாரும் பார்க்கவில்லை, தாண்டிவிட்டால் அரை நிமிட வேலை. ஆனால் துப்பாக்கியோடு தன் நிலத்தில் நிற்கும் அந்நியனை இருட்டும் நேரத்தில் காணும் ஒருவருக்கு, என் நோக்கம் எப்படித் தெரியும்?

அங்கே தொலைபேசிக்குச் சமிக்ஞை இல்லை. தோட்டாக்களை எடுத்துவிட்டு, வண்டிவரை நடந்து, ரைஃபிளை அதில் பூட்டி வைத்தேன். நிலத்துப் பெண்மணியை அழைத்தேன். அவர் பக்கத்து நிலத்துக்காரரை அழைத்தார். எண்ணை நான் கோடையிலேயே வாங்கி வைத்திருந்தால் இருபது நிமிடமாவது மிச்சமாகியிருக்கும். அந்த இருபது நிமிடமும் அந்த மானுடையது என்பதை நான் மறக்கவில்லை.

பக்கத்து நிலத்துக்காரர் விளக்கோடும் தன் ரைஃபிளோடும் வந்தார். என்னை வெறுங்கையுடன் வேலியைத் தாண்டி வரச் சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மான் இறந்துவிட்டிருந்தது. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். குண்டு பின்னால் பட்டது என் அவசரத்தால் என்பதையும் சொன்னேன். அவர் அதைப் பற்றி எதுவும் கூறாமல், நான் என் உரிமத்திலிருந்து அடையாளச் சீட்டை எடுத்து, மாதத்தையும் தேதியையும் வெட்டி, மானோடு இணைக்கும் வரை விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு இருவருமாக அதை வேலிக்கு இப்பால் தூக்கி வைத்தோம்.

இறைச்சியில் பின்தொடை ஒன்றை, பிறருக்குக் கொடுக்கும்போது உடன் செல்ல வேண்டிய ஆவணத்தையும் எழுதி, அடுத்த வாரம் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். மறு ஆண்டு கோடையில் அனுமதியைப் புதுப்பிக்கச் சென்றபோது, பெண்மணியின் வீட்டுக்குப் போகும் முன் அவர் வீட்டுக்குத்தான் போனேன். நிலப்படத்தை விரித்து, நான் உட்காரும் இரண்டு இடங்களையும் எந்தத் திசையில் சுடுவேன் என்பதையும் காட்டினேன். ஓர் இடம் அவருடைய ஆட்டுப் பட்டிக்கு நேரே இருப்பதாகச் சொன்னார். அந்த இடத்தை நீக்கிவிட்டோம். தாளின் அடியில் தன் தொலைபேசி எண்ணையும், எந்த நேரமானாலும் அழைக்கலாம் என்ற ஒரு வரியையும் அவர் தன் கைப்பட எழுதினார்.