பழைய கிராஃப்ட்ஸ்மேன் ராட்செட்: துருவை எடுக்கலாம், முத்திரையை எடுக்கக் கூடாது

வேலைக்கு எடுத்தவை: பட்டன் வைத்த 3/8 அங்குல கிராஃப்ட்ஸ்மேன் ராட்செட் (நட்டைப் பிடிக்கும் சாக்கெட்டை மாட்டி, ஒரு பக்கம் மட்டும் திருகும் கைப்பிடி) ஒன்று, அதே பெயர் போட்ட ரிங் ஸ்பேனர் இரண்டு. மூன்றிலும் துரு. ராட்செட் லோடு ஏறினால் வழுக்குகிறது.

பவர் டிரில்லில் மாட்டும் வயர் வீலைத் தொடவே வேண்டாம். பெரிய எழுத்து தப்பிக்கும். சின்னக் குறி மழுங்கிவிடும். இந்தக் கருவிகளில் படிக்க வேண்டியதே அந்தச் சின்னக் குறிதான். கிராஃப்ட்ஸ்மேன் பெயர் 1927-இலிருந்து 2017 வரை அமெரிக்காவின் சியர்ஸ் கடையுடையது. கடை பெயரைப் போட்டது. அடித்துக் கொடுத்தவர்கள் வேறு. கோடுகளுக்கு நடுவே ஆங்கில எழுத்து 'வி' இருந்தால் அடித்தது மாசசூசெட்ஸ் மாநில ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த மூர் டிராப் ஃபோர்ஜிங் பட்டறை. பெரிய பெயர் வாரண்டிக்கு யார் பொறுப்பு என்று சொல்லும், சின்னக் குறி இரும்பு யாருடையது என்று சொல்லும்.

முதல் கட்டம்: தொடுமுன் போட்டோ. பிறகு ராத்திரி முழுக்க மண்ணெண்ணெயில் ஊறல், காலையில் நைலான் பிரஷ். பெயர் தெரிந்தது, குறி தெரியவில்லை.

இரண்டாம் கட்டம்: ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் அமிலம் (மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் கிடைக்கும்). ஒரு ஸ்பேனரை மட்டும் போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்துப் பார்த்ததில் இரண்டரை மணி நேரம் ஆனது. மேலே படியும் கறுப்பு துணியிலேயே வந்துவிடும். ராத்திரி முழுக்க விட்டால் அமிலம் துருவோடு நிற்காது. நல்ல இரும்பையும் தின்று குறியின் விளிம்பை உருட்டிவிடும். எடுத்ததும் ஒரு ஸ்பூன் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரில் அலசி, வெந்நீர் ஊற்றி, சூடு ஆறுமுன் துடைத்து எண்ணெய். இதில் பத்து நிமிடம் தாமதித்தாலும் செம்மண் நிறத்தில் புதுத் துரு பூக்கும்.

இன்னொரு ஸ்பேனரில் குரோம் முலாம் செதிளாகத் தூக்கி நிற்கிறது. அதை அமிலத்தில் போடக் கூடாது. செதிளுக்கு அடியில் நுழைந்த அமிலத்தைக் கழுவி எடுக்க முடியாது, முலாம் மேலும் உரியும். எண்ணெயும் பித்தளை பிரஷும் மட்டும்.

குறியைப் படிக்க டார்ச்சைக் கிட்டத்தட்டப் படுக்க வைத்துப் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். நேர் வெளிச்சத்தில் பள்ளம் மறைந்துவிடும். சாக்பீஸ் தூளைத் தேய்த்து மேற்பரப்பைத் துடைத்தால் எழுத்து வெள்ளையாக நிற்கும். சுத்தம் செய்த ஸ்பேனரில் 'வி' வந்தது. ராட்செட்டிலும் அதே குறி, கூடவே 'காப்புரிமை நிலுவையில்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம். சாக்கெட்டைக் கழற்றும் அந்தப் பட்டனுக்கு 1964-இல் விண்ணப்பித்து 1965-இல் கிடைத்த அமெரிக்கக் காப்புரிமை 3,208,318. கண்டுபிடித்தவர் சியர்ஸ் விற்பனையாளர் பீட்டர் ராபர்ட்ஸ். 10,000 டாலருக்கு வாங்கிய கடை மீது பின்னாளில் அவரே வழக்குப் போட்டார். கருவியில் இந்தக் காப்புரிமை எண் இருந்தால் அதை 1965-க்கு முன் அடித்திருக்க முடியாது. 'நிலுவை' என்ற சொல்லை அந்த அளவு நம்ப முடியாது, பழைய அச்சை உடனே தூக்கிப் போட்டிருப்பார்கள் என்று சொல்வதற்கில்லை.

மூன்றாம் கட்டம், ராட்செட்டின் உள்ளே. மூடியைச் சில மாடலில் ஸ்க்ரூ பிடித்திருக்கும், சிலவற்றில் சர்க்ளிப் என்ற ஸ்பிரிங் வளையம். எதுவானாலும் பாலிதீன் பைக்குள் கையை விட்டே கழற்றுவது நல்லது. மிளகு அளவு குண்டும் ஸ்பிரிங்கும் தெறித்தால் தரையில் தேட வேண்டியதுதான். இதில் உள்ளே இருக்கும் சக்கரத்தின் பல்லும் உடையவில்லை, பல்லில் விழுந்து பிடிக்கும் நாக்கும் தேயவில்லை. பழைய கிரீஸ் மெழுகாக இறுகி, நாக்கு பல்லில் முழுதாக விழாமல் தடுத்திருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, இரண்டு சொட்டு லேசான எண்ணெய். வீல் பேரிங் கிரீஸைத் திணித்தால் அதே வழுக்கல் திரும்ப வரும்.

வாழ்நாள் வாரண்டி இருக்கிறதே, மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: பெயர் 2017-இல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கருக்குப் போய்விட்டது. மாற்றித் தந்தால் கிடைப்பது இன்றைய சரக்கு. மூர் பட்டறை இரும்பு திரும்பாது. உள் உறுப்பு கிட் கிடைக்கும்வரை ரிப்பேரே மேல். முலாம் உரிந்த சாதா ஸ்பேனர் வாய் பிளந்தால் மாற்றிக்கொள்வதில் நஷ்டமில்லை. ஆனால் குழாய் மாட்டி நெம்பி வளைத்ததையும் கிரைண்டர் வைத்துத் தேய்த்ததையும் பொதுவாக எந்த வாரண்டியும் ஏற்காது.

பாக்கி: இரண்டாவது ஸ்பேனரின் குறி இன்னும் எண்ணெய்க்கு அடியில்தான் இருக்கிறது.