லுவார் ஆற்றங்கரையில் ஆறு நாள்

ப்ளுவா நகரின் இரயில் நிலையத்தருகே எங்கள் பதினொரு பேருக்கும் சைக்கிள்களைக் கொடுத்து, ஒவ்வொருவரின் உயரத்துக்கும் ஏற்ப இருக்கையைச் சரிசெய்து முடித்த வழிகாட்டி, எதிரே இருந்த பழைய வீட்டின் சுவரைத் தொட்டுக் காட்டி, “இந்தக் கல்லை மட்டும் சோமூர் வரைக்கும் கவனித்துக்கொண்டே வாருங்கள்” என்றார். அது துஃபோ என்னும் மென்மையான வெள்ளைச் சுண்ணாம்புக்கல். கோட்டைகளைப் பார்க்கும் ஆவலில் அன்று அதை நான் பெரிதாக எண்ணவில்லை.

பிரான்சின் மிக நீளமான ஆறான லுவாரை ஒட்டி ஏறத்தாழ 900 கிலோமீட்டருக்குச் செல்லும் ‘லுவார் ஆ வெலோ’ என்ற சைக்கிள் பாதையில், ப்ளுவாவுக்கும் சோமூருக்கும் இடைப்பட்ட பகுதியே எங்கள் வழி. நாளொன்றுக்கு 35 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டினோம். எங்கள் பெட்டிகளை ஒரு வேன் முன்னதாகவே அடுத்த விடுதியில் சேர்த்துவிடும். வெள்ளத்தைத் தடுக்க எழுப்பிய உயரமான கரைகளின் மேல் பல இடங்களில் பாதை செல்வதால், ஒரு புறம் மணல்திட்டுகளுக்கிடையே பிரிந்தோடும் ஆறும், மறுபுறம் தாழ்வான வயல்களும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். மேற்கிலிருந்து எதிர்காற்று வீசிய ஒரு நாளைத் தவிர, வழியில் சிரமம் எதுவும் இல்லை.

முதல் நாள் ஷாம்போர். 32 கிலோமீட்டர் நீள மதில் சூழ்ந்த காட்டுக்குள் நெடுநேரம் ஓட்டிச் சென்ற பிறகு, மரங்கள் விலகிய இடத்தில் அதன் கோபுரங்கள் ஒரே கணத்தில் எழுந்து நின்றன. மன்னர் முதலாம் பிரான்சுவா 1519-இல் தொடங்கிய அந்த மாளிகையின் நடுவே இரண்டு படிக்கட்டுகள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு ஏறுகின்றன. ஒன்றில் நானும் மற்றொன்றில் தோழி ஒருவரும் ஏறினோம். சுவரின் திறப்புகள் வழியே அவ்வப்போது முகம் பார்த்துக்கொண்டோமே தவிர, மேல்தளம் வரை எதிர்ப்படவே இல்லை. அம்மன்னரின் அழைப்பை ஏற்று வந்த லியோனார்டோ டாவின்சி, அதே 1519-இல் அம்புவாஸில் காலமானார். மறுநாள் அந்த ஊரில் தங்கினோம்.

ஷேர் ஆற்றின் குறுக்கே பாலமாகவே நிற்கும் ஷெனோன்சோ மாளிகையை நான் எளிதில் மறக்க மாட்டேன். மன்னர் இரண்டாம் ஹென்றியின் காதலி தியான் த புவாத்தியே கட்டுவித்த பாலத்தின் மேல், மன்னரின் மறைவுக்குப் பின் அவரை வெளியேற்றிய அரசி கத்தரீன் த மெதிசி 60 மீட்டர் நீளக் கூடத்தை எழுப்பினார். முதல் உலகப் போரில் அது மருத்துவமனையாகி 2,000-க்கும் மேற்பட்ட காயமுற்றோருக்கு இடமளித்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் பிடித்த பகுதிக்கும் பிடிக்காத பகுதிக்கும் இந்த ஆறே எல்லையாக இருந்தபோது, வடகரையில் நுழைந்தவர்கள் கூடத்தின் தென்வாசல் வழியே தப்பிச் செல்ல முடிந்தது. அரசியரின் ஓவியங்களைவிட அந்தத் தென்வாசலின் முன்தான் நான் அதிக நேரம் நின்றேன்.

ஒயினுக்குப் பேர்போன வூவ்ரே ஊரில்தான், கல்லைக் கவனிக்கச் சொன்ன வழிகாட்டியின் சொல் விளங்கியது. திராட்சைக் கொடிகள் மேட்டின் மேல் வளர்கின்றன; அவற்றுக்கு நேர் கீழே, செங்குத்தான வெள்ளைப் பாறையைக் குடைந்த சுரங்கங்களில் ஒயின் முதிர்கிறது. கோட்டைகளுக்கும் வீடுகளுக்கும் தேவாலயங்களுக்கும் கல் வெட்டியெடுத்த குழிகளே பிற்காலத்தில் ஒயின் நிலவறைகளாகவும், காளான் வளர்க்கும் இடங்களாகவும், குடியிருப்புகளாகவும் மாறின. உள்ளே கோடையிலும் குளிரிலும் ஏறத்தாழ 12 டிகிரிதான். சுவரைத் தடவினால் உள்ளங்கையில் வெண்பொடி ஒட்டிக்கொள்கிறது. ஷெனான் ப்ளான் என்ற ஒரே திராட்சையிலிருந்து, அந்தந்த ஆண்டின் வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப, இனிப்பற்றதும் மிகு இனிப்பானதும் நுரைப்பதும் என வெவ்வேறு ஒயின்களை எடுக்கிறார்கள். சுவைத்தபின் உமிழ்ந்துவிடுமாறு வழிகாட்டி உறுதியாகச் சொன்னார். பிரான்சில் இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் என்ற மது வரம்பு சைக்கிள் ஓட்டுபவருக்கும் பொருந்தும். அந்தக் கண்டிப்பை நான் மதிக்கிறேன்.

வில்லாந்த்ரியின் காய்கறித் தோட்டத்தில் ஒரு மணி நேரமே கிடைத்தது. ஷினோனில், 1429-இல் ஜோன் ஆஃப் ஆர்க் இளவரசர் சார்லஸைச் சந்தித்த கோட்டையின் மேலிருந்து, கபெர்னே ஃப்ரான் என்னும் திராட்சை வகையின் கொடிகள் நிறைந்த வியென் ஆற்றுப் பள்ளத்தாக்கைப் பார்த்தோம். இங்கும் சரி, அந்த ஆறு லுவாருடன் கலக்கும் காந்த் கிராமத்திலும் சரி, என் கண் கல்லையே தேடியது.

வெட்டும்போது எளிதில் இசைந்துகொடுக்கும் அக்கல், ஈரம் ஏறினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்துவிடும். சோமூர் கோட்டையின் மதிலில் ஒரு பகுதி 2001-இல் சரிந்து விழுந்து, பிறகு மீண்டும் கட்டப்பட்டது என்று வழிகாட்டி சொன்னார். கடைசி மாலை, சைக்கிளை ஒப்படைக்கும் முன் அந்த மதிலோரம் நிறுத்திவிட்டு, எது பழைய கல், எது புதிய கல் என்று வெளிச்சம் மங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.