செய்முறைத் தேர்வும் நாவில் பழகிப்போன வாக்கியங்களும்

யோகா ஆசிரியருக்கான செய்முறைத் தேர்வில் இரண்டாம் முயற்சியில் தேர்ச்சி பெற்றிருக்கிறேன். முடிவு வந்து மூன்று நாள்களே ஆகின்றன. எழுத்துத் தேர்வைப் பற்றிப் புதிதாகச் சொல்ல எதுவும் இல்லை. வகுப்பு நடத்திக் காட்டும் பகுதியில் முதல் முறை நான் ஏன் தோற்றேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தேர்வுக்கு முன் ஒன்றரை ஆண்டுகள் ஒரே வரிசையில் ஒரே வகுப்பை நடத்தி வந்ததால், வாக்கியங்கள் யோசிக்காமலே நாவில் வந்தன. அதையே என் பலமாக நினைத்திருந்தேன். தேர்வில் வீரபத்திராசனத்தில் நின்றவரின் முன் முழங்கால் உட்புறமாகச் சரிந்துகொண்டிருக்க, நான் வழக்கம்போல் "தோள்களைத் தளர்த்துங்கள்" என்றேன். சூரிய நமஸ்காரத்தின் இரண்டாம் சுற்றில் இடக்காலுக்கு மாற்ற வேண்டிய இடத்திலும் வலக்காலையே சொன்னேன். முடிவில் தேர்வாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவர்களில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றவர் யார்?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

பயிற்சி உறுதிப்பட நீண்ட காலம், இடைவிடாமை, சத்காரம் (மதிப்போடும் ஈடுபாட்டோடும் செய்வது) ஆகிய மூன்றும் வேண்டும் என்று பதஞ்சலியின் யோக சூத்திரம் 1.14 சொல்வதை நாம் எல்லோரும் மனப்பாடம் செய்திருப்போம். முதல் இரண்டும் என்னிடம் இருந்தன. எதிரில் இருப்பவரை மதித்துக் கவனிக்கும் அந்த மூன்றாவதுதான் இல்லை. திரும்பத் திரும்பச் செய்வதில் தவறில்லை, சத்காரம் இல்லாமல் திரும்பச் செய்ததே தவறு என்பது தோற்ற பிறகே எனக்குப் புரிந்தது.

அடுத்த நான்கு மாதங்கள் நான் செய்தவை இவை:

- வகுப்பைக் குரல்பதிவு செய்து கேட்டேன். 45 நிமிடங்களில் "அப்படியே மெதுவாக" என்று 41 முறை சொல்லியிருந்தேன்.
- வாரம் ஒரு வகுப்பை இடப்பக்கத்திலிருந்து தொடங்கினேன்.
- வகுப்பு முடிந்ததும் ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு வரி எழுதினேன். யாரைப் பற்றி எழுத முடியவில்லையோ, அவரை அன்று நான் பார்க்கவில்லை என்று பொருள்.
- வாய் திறக்குமுன் ஒருவரைப் பாதம் முதல் தலை வரை பார்த்தேன்.

கடைசியாகச் சொன்னதை விடாமல் செய்யுங்கள். மற்றவற்றை விட்டாலும் பரவாயில்லை. மௌனம் வந்தாலே பதறும் இயல்புடையவன் நான். ஆகவே, குறைவாகப் பேசும் இயல்புடையவர்களுக்கு இது இவ்வளவு தேவைப்படாமல் இருக்கலாம். ஆனாலும், தேர்வுக்காகப் புதிய ஆசனங்களைச் சேர்ப்பதைவிட இதற்கே நேரம் கொடுக்கச் சொல்வேன்.

இரண்டாம் முறை, திரிகோணாசனத்தில் கை நீட்டுவதைப் பற்றி ஒரு வாக்கியம் தயாராக இருந்தது. ஒருவர் முன் முழங்காலைப் பின்னோக்கி இறுக்கிப் பூட்டி நிற்பதைக் கண்டதும் அதை விட்டுவிட்டு, "முழங்காலைச் சற்றே இளக்குங்கள்" என்றேன். அவருடைய மூச்சு நீள்வது தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்பது மறந்துபோக, இரண்டு மூச்சளவு நேரம் பேசாமல் நின்றேன். மதிப்பெண் தாளில் அதற்காக எதுவும் குறைக்கப்படவில்லை.